‘ஐ அக்ரீ’: வாசித்துவிட்டா அமுக்கினோம்?

லேபில் ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகிறோம். நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி வரும். அதில் பொடி எழுத்தில் ஆங்கிலம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். அடியில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் ‘ஐ அக்ரீ’. அதில் புள்ளி விழுந்தால்தான் அடுத்த ‘நெக்ஸ்ட்’ பொத்தானுக்கு உயிர் வரும். அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருந்தது என்று நம்மில் யாராவது சொல்ல முடியுமா?

எனக்கும் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் வரை நானும் ஒன்றைக்கூட முழுசாக வாசித்தது இல்லை. மலர்க் குழுவில், “நீ சிவில்தானே, பாலம், அணைக்கட்டு என்று ஏதாவது எழுதேன்” என்றார்கள். தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்த வெள்ளைப் பெட்டி மேல் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் முக்கூடல். அப்பா கொத்தனார், அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் ஆங்கிலத்தில் எது வந்தாலும், அது கரண்ட் பில் மெசேஜ் ஆனாலும் மாத்திரை அட்டை ஆனாலும், என் கைக்குத்தான் வரும். 2021-இல் நான் எட்டாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்புக்காக போன் என்னிடம்தான் இருந்தது. சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஊரடங்கில் ஓட்டம் இல்லை, வண்டித் தவணை நிற்கிறது. யாரோ ஒரு கடன் ஆப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்து, “ஏட்டி, ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியுமே, இதக் கொஞ்சம் போட்டுக் குடு” என்றார்.

போட்டுக் கொடுத்தேன். வெள்ளைப் பெட்டி வந்தது, டிக் அடித்தேன். பிறகு ‘அலவ்’, ‘அலவ்’ என்று நாலு முறை கேட்டது. நாலு முறையும் நான்தான் அமுக்கினேன். அதில் ஒன்று போனில் உள்ள எல்லா நம்பர்களையும் எடுத்துக்கொள்ள அனுமதி, இன்னொன்று போட்டோக்களுக்கு. 5,000 ரூபாய் கேட்டதற்கு 3,200 ரூபாய்தான் வந்து சேர்ந்தது. ஏழே நாளில் 5,000 கட்டச் சொன்னார்கள். எட்டாம் நாள் காலையிலிருந்து பீடிக்கடைக் கணக்கர், சித்தியின் அண்ணன், பக்கத்துத் தெருக்காரர், என் கிளாஸ் டீச்சர் என்று வரிசையாக எல்லாருக்கும் போன் போனது. சித்தப்பா படத்தைப் போட்டு ‘திருடன்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். சித்தி ஒரு வாரம் தெருக்குழாய்க்குக்கூட வரவில்லை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. “நீ என்னட்டி செய்வ, நாந்தான போடச் சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். ஆனால் அமுக்கிய விரல் என்னுடையது.

இனி விஷயம். அந்தப் பெட்டிக்குள் இருப்பதன் பெயர் லைசென்ஸ் அக்ரிமென்ட், அதாவது உரிம ஒப்பந்தம். நாம் ஒரு சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து ‘வாங்கினோம்’ என்கிறோம். உண்மையில் பெரும்பாலும் வாங்குவதில்லை. நம் ஆற்றுப் பாசனக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், இது கிரயம் அல்ல, குத்தகை. கிரயம் முடிந்தால் வயல் நம்முடையது. விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். குத்தகை என்றால் பத்திரத்தில் என்ன போட்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பாத்தியம். அதற்கு நம் ஜில்லாவிலேயே பெரிய உதாரணம் மாஞ்சோலை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன், பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனிக்குச் சுமார் 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 2028-இல் கெடு முடிகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் 2024-இல் வேலை நின்று போய், வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலைக்கு வந்தன. அந்தக் குத்தகைப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை. இருந்தாலும் அதன் கடைசி வரி போய் விழுந்தது அவர்கள் தலையில்தான்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இதே போல ஒன்று 2009 ஜூலையில் நடந்தது. அமேசான் கம்பெனியின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ என்ற நாவலைப் பலர் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். அதை விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், கம்பெனி எங்கோ இருந்தபடியே எல்லாருடைய கருவியிலிருந்தும் புத்தகத்தை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நம் வீட்டு அலமாரிக்குள் கடைக்காரர் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் போக முடியுமா? கிரயத்துக்கும் உரிமத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆரம்பத்தில் சாஃப்ட்வேர் அட்டைப் பெட்டியில் வந்தது. மேலே கண்ணாடித்தாள் சுற்றியிருக்கும். ‘இதைக் கிழித்தால் உள்ளே உள்ள நிபந்தனைகளுக்குச் சம்மதம்’ என்று எழுதியிருப்பார்கள். நிபந்தனையோ உள்ளே இருக்கிறது. கிழிக்காமல் எப்படி வாசிப்பது? இந்தக் கேள்வி அமெரிக்காவில் கோர்ட்டுக்கே போனது. புரோசிடி என்ற கம்பெனி 3,000-க்கும் மேற்பட்ட டெலிபோன் டைரக்டரிகளைத் தொகுத்து சி.டி.யாக விற்றது. ஜைடன்பெர்க் என்பவர், நம்மைப் போல ஒரு கம்ப்யூட்டர் மாணவர்தான், அதை வாங்கி இன்டர்நெட்டில் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 1996-இல் அப்பீல் கோர்ட் தீர்ப்பு சொன்னது: நிபந்தனை உள்ளே இருந்தாலும் செல்லும், ஏனென்றால் வாசித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அந்தக் கண்ணாடித்தாள்தான் இன்றைக்கு ‘ஐ அக்ரீ’ பொத்தானாக மாறி நம் முன் நிற்கிறது.

சரி, யாராவது வாசிக்கிறார்களா? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் பி.சி. பிட்ஸ்டாப் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் ஒப்பந்தத்துக்குள்ளே, ‘இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு’ என்று ஒரு வரியைச் செருகி வைத்தது. நாலு மாதம் போனது. 3,000-க்கும் மேற்பட்ட தடவை அந்த சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டார்கள். எழுதியது ஒரே ஒரு ஆள்! அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. இங்கிலாந்தில் கேம்ஸ்டேஷன் என்ற கடை 2010 ஏப்ரல் 1 அன்று, ‘வாங்குகிறவர் தன் ஆத்மாவை எங்களுக்கு எழுதித் தருகிறார்’ என்று நிபந்தனையில் சேர்த்தது. வேண்டாம் என்பவர் அதற்குரிய இடத்தில் தட்டினால் 5 பவுண்ட் கூப்பன் உண்டு. அன்று ஒரே நாளில் சுமார் 7,500 பேர் ஆத்மாவைக் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் முட்டாள் விளையாட்டுதான், ஆனால் யார் முட்டாளானது என்று யோசித்தால் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

விளையாட்டு இல்லாமல் கணக்கெடுத்தவர்களும் உண்டு. சாஃப்ட்வேர் விற்கும் 90 கம்பெனிகளின் தளங்களுக்குப் போன சுமார் 48,000 பேரின் நடவடிக்கையைப் பார்த்து, 2014-இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்க வந்தவர்களில் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர் அல்லது இருவர். திறந்தவர்களிலும் பெரும்பாலோர் வாசிக்கிற அளவு நேரம் அங்கே நிற்கவில்லை. இன்னொரு ஆய்வில் 543 கல்லூரி மாணவர்களை, இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தில் சேரச் சொன்னார்கள். நிபந்தனைகளுக்குள்ளே, ‘கட்டணமாக உங்கள் முதல் குழந்தையைத் தர வேண்டும்’ என்று ஒரு வரி. 98 சதவீதம் பேர் கண்ணில் அது படவே இல்லை. படித்த பிள்ளைகள்! அதுவும் ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் பேசுகிற நாட்டில்.

ஆக, நாம் மட்டும் சோம்பேறிகள் இல்லை. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், இது வாசிப்பதற்காக எழுதப்பட்ட தாளே அல்ல. 2008-இல் மெக்டொனால்ட், கிரேனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு அமெரிக்கர் ஒரு வருடத்தில் போகிற இன்டர்நெட் தளங்களின் தகவல் பாதுகாப்பு அறிவிப்புகளை மட்டும் ஒருமுறை வாசிப்பதானால், 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நமக்கு ஒரு மாத வகுப்பே போய்விடும், அரியர் யார் எழுதுவது? வாசித்துத்தான் என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. நாலாவது வரி பிடிக்கவில்லை, அதை எடுத்துவிடு என்று யாரிடம் சொல்வது? சம்மதம் என்று சொன்னால் ஓடும், இல்லை என்றால் மூடிக்கொள்ளும். பேரம் இல்லாத கடை அது. அப்புறம் அதில் இருப்பது விதவிதமாக இருக்கும். ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் பாட்டு சாஃப்ட்வேர் ஒப்பந்தத்தில், இதைக் கொண்டு அணு ஆயுதம், ஏவுகணை செய்ய மாட்டேன் என்றுகூட ஒரு வாக்குறுதி உண்டு. பாட்டு கேட்கிற சாஃப்ட்வேரை வைத்து எப்படி ஏவுகணை செய்வது என்று எங்கள் மெக்கானிக்கல் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆச்சி சிரித்துவிட்டு, “ஒங்க தாத்தாவுக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா பத்திரம் எழுதுறவரு முழுசா வாசிச்சுச் சொன்ன பெறவுதான் பெருவிரல நீட்டுவாவ. நடுவுல வெளங்கலன்னா, திரும்ப வாசியும்பாவ” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கைநாட்டுக்காரர் என்று நாம் கேலி பேசுகிறோமே, அவருக்கு வாசித்துக் காட்ட ஒரு ஆள் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பத்திரம் வாங்கினால், அவருக்கு அதை வாசித்து விளக்கினோம் என்று வாங்கியவர் காட்ட வேண்டும் என்று கோர்ட்டும் எதிர்பார்க்கும். நமக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் யாரும் வாசித்துச் சொல்வதில்லை. நாமும் வாசிப்பதில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? நம் நாட்டில் ஒப்பந்தத்துக்கு அடிப்படை 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம். கம்ப்யூட்டர் வழியாகச் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009-இல் அமலுக்கு வந்த 10-ஏ பிரிவு சொல்கிறது. எனவே ‘சும்மாதானே கிளிக் பண்ணினேன்’ என்பது பதில் ஆகாது.

‘நான் வாசிக்கவில்லை’ என்றால்? அதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டும் சாஃப்ட்வேர் வழக்கு இல்லை, ஆனால் பொடி எழுத்து நிபந்தனைதான் இரண்டிலும் கதாநாயகன். முதலாவது லில்லி ஒயிட் வழக்கு. சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு, 1966 சட்டத் தொகுப்பில் வந்தது. சலவைக் கடையில் கொடுத்த புதுச் சேலை தொலைந்து போனது. ரசீதில் அச்சடித்த நிபந்தனைப்படி, தொலைந்தால் விலையில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் கேட்க முடியாது. கோர்ட் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை, அது பொதுநலக் கொள்கைக்கு விரோதம் என்றது. யோசித்துப் பாருங்கள், அதை விட்டுவிட்டால் நல்ல பட்டுச் சேலையாகப் பார்த்துத் தொலைத்துவிட்டுக் கொஞ்சம் பணத்தைக் கொடுத்தால் கடைக்காரருக்கு லாபம்தானே!

இரண்டாவது பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு. 1990-இல் பின்னலாடை ஏற்றுமதி செய்த கம்பெனி, சரக்குக்கான ஆவணங்களை ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. மறுபிரதி போவதற்குள் கோடை சீசன் முடிந்துவிட்டது, ஜெர்மனிக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆனால் கூரியர் படிவத்தில் ‘எங்கள் பொறுப்பு 100 டாலர் வரைதான்’ என்று ஒரு நிபந்தனை இருந்தது. கையெழுத்துப் போட்டாயிற்று அல்லவா? தேசிய ஆணையம் 100 டாலராகக் குறைத்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதுவே சரி என்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். வாசித்தாயா இல்லையா என்று கோர்ட் பெரிதாகக் கேட்பதில்லை. கையெழுத்து இருந்தால், வாசித்ததாகவே எடுத்துக்கொள்ளும். மனசாட்சிக்கே ஒவ்வாத அளவுக்கு நிபந்தனை அநியாயமாக இருந்தால் மட்டும், ஒருவேளை காப்பாற்றும். அந்த ‘ஒருவேளை’யை நம்பி எத்தனை பேர் ஹைகோர்ட் வரை போக முடியும்? சேலைக்காக அவ்வளவு தூரம் போன அந்த ஒருவரை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

இங்கே நம் வயதுக்காரர்களுக்கு ஒரு முக்கியமான சமாச்சாரம். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. அதுதான் இன்றும் சட்டம். அதாவது எட்டாம் வகுப்பில் நான் எத்தனை ‘ஐ அக்ரீ’ அமுக்கியிருந்தாலும் சட்டப்படி என்னை அது கட்டாது. (சித்தப்பாவின் கடன் அவர் பெயரில் போனது, அது வேறு கதை.) பாலிடெக்னிக் முதல் வருடத்தில் சேரும்போது நம்மில் பலருக்குப் பதினாறு, பதினேழு. போகும்போது பதினெட்டைத் தாண்டிவிடுகிறோம். லேபில் அதே நாற்காலி, அதே பொத்தான். ஆனால் பிறந்த நாளுக்கு மறுநாள் அமுக்கினால் அது எண்ணப்படும். எனக்கு இந்த வருடம்தான் பதினெட்டு முடிந்தது. ஓட்டுப் போடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், இதை யாரும் சொல்லவில்லை.

நம் துறையிலேயே ஒரு உதாரணம். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. படிப்பதற்கு மட்டும், சம்பாதிப்பதற்கு அல்ல என்பது அதன் நிபந்தனை. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் பழைய மாணவர் பதிப்பில் ஒரு வீட்டு பிளான் வரைந்து மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பழைய பதிப்புகளில் பிரிண்ட் எடுத்தால் தாளின் நாலு ஓரத்திலும், இது கல்விப் பதிப்பில் வரைந்தது என்று ஆங்கிலத்தில் அச்சாகும். மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பிளான சுத்தி காம்பவுண்டு சுவரு மாதிரி இங்கிலீசு எழுதிருக்கிய?” என்றாராம். புதிய பதிப்புகளில் அந்த ஓர எழுத்து வருவதில்லை, ஆனால் நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது.

கிராக் செய்த சாஃப்ட்வேரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்களே சிரிப்பீர்கள். பென்டிரைவில் கைமாறி வரும் அந்தத் திருட்டுப் பிரதியை ஏற்றும்போதும் அதே வெள்ளைப் பெட்டி வருகிறது. ‘திருட்டுப் பிரதி போட மாட்டேன்’ என்பதற்கும் நாம் ‘ஐ அக்ரீ’ கொடுத்துவிட்டுத்தான் திருட்டுப் பிரதியைப் போடுகிறோம்! 1957 காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவுப்படி, தெரிந்தே திருட்டுப் பிரதியைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். நாம் படிப்பு முடிந்து ஒரு சின்ன டிசைன் ஆபீஸ் போடும்போது அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இதற்கு நேர்மாறான ஒப்பந்தமும் உண்டு. சர்வே படிப்பவர்களுக்குப் பயன்படும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட சாஃப்ட்வேர், ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. நான் முதன்முதலாக முழுசாக வாசித்தது இதைத்தான். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் ஆனது. வாசித்துவிட்டு நம்பாமல் திரும்ப வாசித்தேன். இதைக் காப்பி எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கூட எழுதலாம், மாற்றியதைக் கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்கிறது. அது மட்டுமா, நீ கையெழுத்துப் போடாததால் இந்த உரிமத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை என்றும், வெறுமனே ஓட்டிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படி இருந்தும் இன்ஸ்டால் செய்யும்போது வழக்கம்போல ‘ஐ அக்ரீ’ பெட்டி வந்து நிற்கிறது! பழக்கதோஷம் போல. 2011-இல் ஆரம்பித்த தமிழக அரசின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு சேர்ந்து ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்றும் இருந்ததே, அதுவும் இந்த ஜாதிதான். எங்கள் மாமா மகள் லேப்டாப்பில் அதை ஒருநாளும் யாரும் திறந்ததாக ஞாபகம் இல்லை.

சரி, எல்லாவற்றையும் வாசிக்க முடியாது. எதையாவது பார்க்கலாமா? என் அனுபவத்தில், முதலில் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உரிம ஒப்பந்தம் சாஃப்ட்வேரை நாம் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. தகவல் பாதுகாப்பு அறிவிப்பு, நம்மைப் பற்றிய விவரங்களை அவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்கிறது. போனில் ‘அலவ்’ என்று வருவது மூன்றாவது, அதுதான் நிஜமாகவே கதவைத் திறக்கிற சாவி. முதல் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். மூன்றாவது ஒரே ஒரு வரிதான். 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியாகக் கேட்கப்படுகிறது, மறுக்கவும் முடியும், பிறகு செட்டிங்ஸில் போய்த் திருப்பி வாங்கவும் முடியும். நேரமே இல்லை என்றால் அந்த ஒரு வரியையாவது வாசியுங்கள். எட்டாம் வகுப்பில் என் கண் முன்னால் நின்றதும் அதே ஒரு வரிதான். ‘கான்டாக்ட்ஸ்’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தில் பார்ப்பதானால், எனக்குத் தெரிந்து பணம் தானாகப் புதுப்பித்துப் பிடிக்கப்படுமா, தொழிலுக்குப் பயன்படுத்தலாமா, கூடவே வேறு சாஃப்ட்வேரை ஏற்றுகிறார்களா, தகராறு வந்தால் எந்த ஊர்க் கோர்ட் என்ற இடங்களைத் தேடினால் பாதி விவரம் கிடைத்துவிடும். கம்ப்யூட்டரில் தேடும் வசதி இருக்கிறது, அந்தச் சொல்லைப் போட்டால் நேராக அங்கே போய் நிற்கும். முழுசும் வாசித்தேன் என்று பெருமை பேச வேண்டாம். நான் அதற்குப் பிறகு முழுசாக வாசித்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

சித்தப்பா மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் நாடு முழுக்க இருந்ததால் விதிகளும் கொஞ்சம் மாறியிருக்கின்றன. கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர், போட்டோ, அழைப்பு விவரம் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் உத்தரவு போட்டது. 2024 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த ஒரு சுருக்கத் தாள் கொடுக்க வேண்டும். அது கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும். தாத்தா காலத்துப் பத்திர எழுத்தர் திரும்ப வந்த மாதிரி இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் விவரங்களைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்க வசதி தர வேண்டும். அதில் தமிழும் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, அறிவிப்பு பற்றியவை அமலுக்கு வர 18 மாதம் அவகாசம். ஆனால் இது நம் சொந்த விவரங்களுக்கு மட்டும்தான். சாஃப்ட்வேர் உரிமத்தைத் தமிழில் கொடு என்று அது சொல்லவில்லை. நாளைக்குத் தமிழில் வந்தாலும் அது ‘மேற்படி உரிமதாரர் இதன்வகையில்’ என்கிற பத்திரத் தமிழாக இருந்தால், ஆங்கிலமே தேவலாம் என்று ஆகிவிடும்.

போன மாதம் அம்மா ஒரு தமிழ் காலண்டர் ஆப் கேட்டார். பீடிக்கடையில் எல்லார் போனிலும் இருக்கிறதாம், நல்ல நேரம் பார்க்க வேண்டுமாம். இறக்கினேன். வெள்ளைப் பெட்டி வந்தது. அம்மா பீடி இலையை வெட்டிக்கொண்டே, “வாசிச்சுச் சொல்லு, பெறவு அமுக்கு” என்றார். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு வீட்டில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. முடிந்த மட்டும் தமிழாக்கிச் சொன்னேன். பாதியில், “போதும்ட்டி, கை ஓட மாட்டேங்கு” என்று நிறுத்திவிட்டார். அப்புறம் ‘அலவ்’ வந்தது. போனில் உள்ள நம்பர்களைக் கேட்டது.

“நல்ல நேரம் பாக்கதுக்கு நம்பரு எதுக்காம்?”

“தெரியலம்மா.”

“அப்பம் குடுக்காத.”

கொடுக்கவில்லை. காலண்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ராகு காலம்கூடச் சரியாகக் காட்டுகிறது.